கண்ணாடி ரூமுக்கு என்ன பிளைன்ட்ஸ் போடலாம்? மலைநாட்டு வீடுகளுக்கு அடிக்கடி கேக்குற கேள்விகள்

இப்போ மலைநாட்டுல புதுசா கட்டுற வீடுகள்லயும் ஹோம்ஸ்டேயா மாத்துற பழைய பங்களாக்கள்லயும் ஒரு கண்ணாடி ரூம் கட்டாயம் இருக்கு, சில பேர் இருந்த இஸ்தோப்பையே (முன் விறாந்தையையே) சுத்தி அலுமினியம் அடிச்சு கண்ணாடி போட்டு மூடிடுறாங்க. மழைல நனையாம, பனில நடுங்காம மலைய பாத்துக்கிட்டு பிளேன்டி குடிக்கணும்னு ஆசைப்பட்டுத்தான் எல்லாரும் கட்டுறது. கட்டி முடிச்ச பிறகுதான் பகல் பதினொரு மணிக்கு உள்ள நிக்க முடியல, ராத்திரி ஏழு மணிக்கு குளிர்ல உக்கார முடியலன்னு தெரியவருது. அதுக்கு பிறகு வெயில மறைக்க பிளைன்ட்ஸ் தேடி கடைக்கு ஓடுறாங்க. அப்படி ஓடுறதுக்கு முன்னாடி படிக்கத்தான் இது, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கத்து ஆக்கள் திரும்ப திரும்ப கேக்குற கேள்விகளுக்கு எனக்கு தெரிஞ்ச அளவுல பதில் எழுதியிருக்கேன்.

வெளிய குளிரா இருக்கு, உள்ள மட்டும் ஏன் இப்படி வேகுது?

மரக்கறி போட்டிருக்குற பொலி டனலுக்குள்ள பகல்ல போய் பாத்திருப்பீங்கதானே, அதே கதைதான் இங்கயும். வெயில் கண்ணாடிய தாண்டி லேசா உள்ள வந்துடும், வந்து தரைலயும் சோபாலயும் பட்டு அதுகள சூடாக்கும், அந்த சாமான்கள் திருப்பி விடுற சூடு வேற வகை, அதால கண்ணாடிய தாண்டி வெளிய போக ஏலாது. சூடான காத்தும் மேல போய் கூரைக்கு கீழ தேங்கி நிக்கும். வெளிய எவ்வளவு குளிர் காத்து அடிச்சாலும் கண்ணாடி மூடியிருந்தா உள்ளுக்கு அது உதவாது. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர் உயரம், பண்டாரவளை, ஹட்டன் எல்லாம் 1,200 மீட்டருக்கு மேல. உயரம் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் கூடும்போதும் புற ஊதா கதிர் கிட்டத்தட்ட பத்து வீதம் கூடும், அதனாலதான் குளிர் ஊர்ல இருந்தும் வெயில்ல நின்னா தோல் சுள்ளுன்னு எரியுது, கர்ட்டனும் குஷனும் கொஞ்ச காலத்துல வெளிறிப்போகுது.

அதனால பிளைன்ட்ஸ பத்தி யோசிக்க முன்னாடி சூட்டுக்கு வெளிய போக ஒரு வழி வைங்க. மேல கூரைக்கு பக்கத்துல திறக்குற மாதிரி ஒரு ஜன்னல், கீழ தரைக்கு பக்கத்துல ஒண்ணு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர் பக்கமா இருந்தா இன்னும் நல்லம். மேல சூடு வெளியேற கீழ குளிர் காத்து தானா இழுபடும். இது இல்லாம எவ்வளவு விலைக்கு பிளைன்ட்ஸ் வாங்கினாலும் பாதி காசு வீண்.

எந்த பக்கத்து வெயில முதல்ல மறைக்கணும்?

கூரைய. சுவர் பக்கமும் கூரையும் கண்ணாடியா இருந்தா முதல்ல கூரைய பாருங்க, இதுல எனக்கு ரெண்டு யோசனையே இல்ல.

வெளிநாட்டு வீடியோக்கள்ல தெற்கு பக்கம், தெற்கு பக்கம்னு சொல்லுவாங்க, அது வெயில் சாய்ஞ்சு வர்ற குளிர் நாடுகளுக்கு சரி. நம்ம ஊர்ல சூரியன் தலைக்கு மேல. வளிமண்டலவியல் திணைக்களம் வருஷா வருஷம் சொல்ற மாதிரி ஏப்ரல் 5ல இருந்து 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர் மேல நிக்கும், நம்ம மலைநாட்டுக்கு அது 7ம் திகதி அளவுல, மறுபடி செப்டம்பர் முதல் வாரத்துல. ஜூன் மாசம் நடுப்பகல்ல சூரியன் கொஞ்சம் வடக்கு பக்கமா சாயும், டிசம்பர்ல தெற்கு பக்கமா நல்லா சாயும், அப்பவும் தரைல இருந்து பாத்தா 60 பாகை உயரத்துல இருக்கும். அதாவது வருஷம் பூரா நடுப்பகல் வெயில் விழுறது கூரைலதான்.

தெற்கு, வடக்கு சுவர்களுக்கு கூரைய கொஞ்சம் வெளிய நீட்டினாலே பெரும்பாலும் போதும். ரெண்டு அடி நீட்டினா டிசம்பர் நடுப்பகல்ல தெற்கு கண்ணாடில மேல இருந்து மூணரை அடி அளவுக்கு நிழல் விழும், ஜூன்ல வடக்கு கண்ணாடில அதே ரெண்டு அடிக்கு ஆறரை அடிக்கு மேல நிழல் கிடைக்கும். இத மேசன் பாஸ்கிட்ட கட்டும்போதே சொல்லிடுங்க, செலவு குறைவு, ஆயுசுக்கும் நிக்கும்.

கிழக்கும் மேற்கும் வேற மாதிரி. அங்க வெயில் தாழ்வா வந்து நேரா முகத்துல அடிக்கும், கூரைய எவ்வளவு நீட்டினாலும் நிக்காது, அங்கதான் இறக்குற பிளைன்ட்ஸ் வேணும். நம்ம பக்கம் அனேகமான நாள் காலைல வானம் தெளிஞ்சிருக்கும், பகலுக்கு பிறகு மூட்டம் கட்டிடும், அதனால கிழக்கு பாத்த கண்ணாடிக்குத்தான் வெயில் கூட. ஆனா உங்க வீட்டுக்கு கிழக்கால உயரமான மலை இருந்தா வெயில் எட்டரை ஒம்பதுக்குத்தான் எட்டிப்பாக்கும், அப்ப அந்த பக்கத்துக்கு பெருசா செலவு பண்ண தேவையில்ல. ஒரு நாள் லீவு போட்டு அந்த ரூம்லயே இருந்து எத்தனை மணிக்கு எந்த கண்ணாடில வெயில் விழுதுன்னு எழுதி வைங்க. கடைக்காரர் சொல்றத விட அந்த துண்டு கடதாசி பெறுமதி.

பிளைன்ட்ஸ உள்ள போடுறதா, வெளிய போடுறதா?

சூடுதான் பிரச்சினைன்னா வெளிய. உள்ள போடுற பிளைன்ட்ஸ்ல வெயில் பட்டு சூடாகும்போது அந்த சூடு ஏற்கனவே ரூமுக்குள்ள வந்தாச்சு, கொஞ்சம் மட்டும்தான் திரும்பி கண்ணாடி வழியா வெளிய போகும். வெளிய மறைச்சா வெயில் கண்ணாடில படவே படாது. கண் கூசுறது, டீவி தெரியாம இருக்குறது, பக்கத்து வீட்டு ஆக்கள் பாக்குறது, இதுதான் பிரச்சினைன்னா உள்ள போடுறதே போதும்.

கடைகள்ல பெரும்பாலும் உள்ள போடுறததான் காட்டுவாங்க, ஏன்னா அவங்ககிட்ட இருக்குறது அதுதான். அதுக்காக அவங்க ஏமாத்துறாங்கன்னு இல்ல. உங்களுக்கு என்ன தேவைன்னு நீங்க தெளிவா இருந்துக்கங்க.

கண்ணாடி கூரைக்கு வெளிய என்னத்த போடுறது? ஏறி இறங்க ஏலாதே?

இதுக்கு நான் முதல்ல சொல்றது ஷேட் நெட். கிரீன் ஹவுஸுக்கும் நாத்து மேடைக்கும் போடுற அதே வலைதான், நுவரெலியா, வெலிமடை பக்கத்து விவசாய சாமான் கடைகள்ல மீட்டர் கணக்குல கிடைக்கும். 50, 75ன்னு வீதம் போட்டிருக்கும், அது எவ்வளவு வெயில மறைக்கும்ங்கிற கணக்கு. நமக்கு 50 போதும்னு நினைக்கிறேன், 75 போட்டா மூட்டமான நாள்ல ரூம் இருண்டு போகும், நம்ம ஊர்ல மூட்டமான நாள் கொஞ்ச நஞ்சமில்ல. பச்சை வலை போட்டா உள்ள இருக்குற ஆக்களோட முகமெல்லாம் பச்சையா தெரியும், கறுப்பு இல்லாட்டி வெள்ளி நிறம் எடுங்க.

பண்டாரவளைல ஒரு ரிட்டயர்ட் டீச்சர் வீட்ல பாத்தது மனசுல அப்படியே இருக்கு. கண்ணாடி கூரைக்கு மேல ஒரு சாண் இடைவெளி விட்டு ஜீ.ஐ. (நாக முலாம் பூசின இரும்பு) பைப்ல ஒரு பிரேம், ரெண்டு பக்கமும் இறுக்கி கட்டின கம்பி, அந்த கம்பில வளையம் போட்டு வலைய கோத்திருக்காங்க, கப்பி வழியா ரெண்டு நைலோன் கயிறு கீழ வருது, ஒரு கயித்த இழுத்தா வலை விரியும், மத்த கயித்த இழுத்தா மடிஞ்சு சுவர் பக்கம் ஒதுங்கும். டீச்சர் காலைல ரேடியோ செய்தி முடிஞ்ச உடனே வந்து இழுத்து விடுவாங்களாம், மூட்டம் கட்டினா ஒதுக்கிடுவாங்களாம். அந்த ஒரு சாண் இடைவெளி முக்கியம், வலைய கண்ணாடிலயே ஒட்ட வச்சு போட்டா வலையோட சூடு கண்ணாடிக்கு இறங்கும், இடைல காத்து ஓடணும். குரங்கு வர்ற இடம்னா வலைய அப்படியே விரிச்சு விட்டுட்டு வெளியூர் போகாதீங்க, ஊஞ்சல் ஆடி கிழிச்சுடும்.

இன்னொரு வழி பந்தல். சௌசௌ கொடி நம்ம மண்ணுல எப்படி ஏறும்னு சொல்லத் தேவையில்ல, கொடித்தோடையும் அப்படித்தான். கூரைக்கு மேல இல்ல, கிழக்கு இல்லாட்டி மேற்கு பக்கமா கண்ணாடிக்கு மூணு நாலு அடி தள்ளி பந்தல் போட்டு ஏத்தினா நிழலும் கிடைக்கும், கறிக்கும் ஆகும். இலைல இருந்து வர்ற குளிர்ச்சிய எந்த துணியும் தராது. குளிர் மாசத்துக்கு முன்னாடி நல்லா வெட்டி விட்டீங்கன்னா டிசம்பர், ஜனவரில வெயில் உள்ள வரும். பந்தல கண்ணாடி மேலயே சாய்ச்சுடாதீங்க, மழைக்கு பாரம் தாங்காது, இலை விழுந்து பீலி அடைக்கும்.

கூரைக்கு உள் பக்கமா போட ஏலாதா?

ஏலும். ஆனா சாதாரண ரோலர (உருளைல சுத்துற துணிய) கூரைல போட்டா நடுவுல தொய்ஞ்சு வயிறு விழுந்து தொங்கும். ரெண்டு பக்கமும் இழுத்து கட்டின கம்பி, இல்லாட்டி ரெயில்ல ஓடுற மாதிரி செஞ்ச பிளீட்டட் (விசிறி மாதிரி மடியுறது), ஹனிகோம் (தேன்கூடு மாதிரி அறை அறையா இருக்குறது) வகைதான் கூரைக்கு சரி. வெளிப்பக்கம் வெள்ளை இல்லாட்டி வெள்ளி பூச்சு இருக்குறத எடுங்க, வெயில திருப்பி விடும். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவுல தேங்குற சூடு வெளிய போக மேல ஜன்னல் இல்லாட்டி அது பெரிய உதவியா இருக்காது, அத திரும்ப சொல்றேன்.

ரோலர், வேர்ட்டிகல், ஸீப்ரா, வெனிஷன்... எத எடுக்க?

சுவர் பக்கத்துக்கு என்னைய கேட்டா ஸ்கிரீன் துணி போட்ட ரோலர். மலைய பாக்கத்தானே அந்த ரூம், முழுசா இறக்கி விட்டாலும் வெளிய நல்லா தெரியுறது ஸ்கிரீன் ரோலர்லதான். சுத்தி மேல விட்டா இடமும் பிடிக்காது.

வேர்ட்டிகல் (மேல இருந்து கீழ தொங்குற பட்டி) பெரிய சறுக்கு கதவுக்கு வசதி, ஒரு பட்டி பழுதானா அத மட்டும் மாத்தலாம், ஆனா ஜன்னல திறந்து விட்டா பட்டியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிட்டு சத்தம் போடும், கீழ கோத்திருக்குற சின்ன சங்கிலி அறுந்துக்கிட்டே இருக்கும். ஸீப்ரா இப்போ எல்லா வீட்லயும் போடுறாங்க, பாக்க வடிவு, ஆனா அது ரெண்டு மடிப்பு துணி, ஈரமான ரூமுக்கு ரெண்டு மடிப்பும் காயாது. வெனிஷன்ல (குறுக்கால பட்டி அடுக்கினது) அலுமினியம் நல்லம், பட்டிய சாய்ச்சு வெளிச்சத்த கூரைப்பக்கம் திருப்பி விடலாம், தூசி துடைக்கிற வேலைதான் பெருசு. மரப்பட்டி வெனிஷன் கண்ணாடி ரூமுக்கு வேணாம், பகல் சூட்டுக்கும் ராத்திரி ஈரத்துக்கும் நெளிஞ்சுடும்.

ஸ்கிரீன் துணில 1, 3, 5, 10ன்னு ஒரு வீதம் சொல்றாங்களே, அது என்ன?

துணில எவ்வளவு ஓட்டை விட்டு நெய்திருக்குன்னு சொல்றது. 1 வீதம்னா நெருக்கம், 10 வீதம்னா நல்லா வெளிய தெரியும், வெயிலும் கூட வரும். கிழக்கு, மேற்குக்கு 3, மத்த பக்கத்துக்கு 5 எடுத்தா போதும். கடும் நிற துணி வழியா வெளிய தெளிவா தெரியும், கண் கூசாது, வெளிர் நிறம் சூட்ட கூட திருப்பி விடும் ஆனா வெயில் பட்டா துணியே பளிச்சுன்னு கண்ண கூசும். காட்சிதான் வேணும்னா சாம்பல் நிறம் எடுங்க. இன்னொண்ணு, ராத்திரி உள்ள லைட் போட்டா எல்லாம் தலைகீழ், வெளிய இருந்து உள்ள இருக்குறது தெரியும், ரோட்டு பக்கத்து வீடுன்னா கூட ஒரு கர்ட்டன் வேணும்.

எங்க பக்கம் ஜூன், ஜூலைல வாரக்கணக்கா மழை, துணியெல்லாம் பூஞ்சணம் பிடிக்குதே?

ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை ஆக்கள் இந்த கேள்வி கேக்காம விடமாட்டாங்க. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு பருவ மழை நேரா இந்த சரிவுலதான் மோதுது. கொட்டன், லினன், சணல் இதெல்லாம் தண்ணிய உறிஞ்சும், கறுப்பு புள்ளி விழுந்தா பிறகு போகாது. பொலியெஸ்டர், பீ.வி.சி. பூசின ஸ்கிரீன், ஃபைபர் கிளாஸ் துணி இதுல ஒண்ணு எடுங்க. பின்னால ஃபோம் மாதிரி பூச்சு போட்ட பிளக்அவுட் (வெளிச்சமே விடாத) துணி ஈரத்துல சுத்தி வச்சா ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வரும்.

துணிய விட பழக்கம் முக்கியம். விடிய கண்ணாடிய பாருங்க, உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்து அடில பிரேம்ல வழிஞ்சு நிக்கும். பிளைன்ட்ஸோட அடிப்பட்டி அந்த தண்ணில தோய்ஞ்சு நிக்காம ஜன்னல் கட்டைக்கு மேல ஒரு விரல் அளவு இடம் விட்டு வெட்டச் சொல்லுங்க. காலைல எழும்பினதும் மேல ஜன்னல திறந்து, தண்ணிய துடைச்சு விட்டு, துணி காய்ஞ்ச பிறகுதான் சுத்துங்க. ஈரத்தோட சுத்தவே கூடாது. பிரெக்கட், ஆணி, சங்கிலி எல்லாம் ஸ்டெயின்லஸ் ஸ்டீல் இல்லாட்டி பிளாஸ்டிக், சாதா இரும்பு துரு பிடிச்சு துணில வடியும்.

நாங்க அப்புத்தளை பக்கம், எங்களுக்கு மழை இல்ல, காத்துதான் பிரச்சினை.

ஆமா, ஹட்டன் பக்கம் மழை கொட்டுற அதே ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல ஊவா பக்கம் காய்ஞ்சு காத்து பிய்ச்சு எடுக்கும், பின்னேர வெயிலும் தெளிவா அடிக்கும். வெளிய தொங்குற மாதிரி எதையும் சும்மா விடாதீங்க. ரெண்டு பக்கமும் தடத்துக்குள்ள ஸிப் மாதிரி ஓடுற வெளி ரோலர் இருக்கு, காத்துக்கு அடிபடாது, விலை கூடத்தான் ஆனா அந்த ஊருக்கு அது பெறும். அது முடியாட்டி வலைய பிரேம்ல நாலு பக்கமும் இறுக்கி கட்டுங்க. அப்புறம் அக்டோபர் தொடக்கம் ஜனவரி வரைக்கும் உங்க பக்கமும் மழை வரும்தானே, துணி விஷயத்துல மேல சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மூங்கில் தட்டி போட்டா என்ன?

தாராளமா போடலாம், எனக்கு ரொம்ப பிடிச்சதும் அதுதான். பழைய துரை பங்களா இஸ்தோப்பெல்லாம் தட்டி இல்லாம பாக்கவே ஏலாது. மலிவு, வெளிய போடலாம், இடைவெளி வழியா காத்தும் வரும். வார்னிஷ் அடிச்சு, மழை நேரடியா அடிக்காத மாதிரி கூரை நீட்டுக்கு கீழ தொங்க விடுங்க. மூங்கில் கெட முன்னாடி கயிறுதான் உக்கிப்போகும், அதனால வாங்கின உடனே பருத்தி கயித்த கழட்டிட்டு நைலோன் போடுங்க. கீழ ரெண்டு மூலையும் கொக்கில மாட்டி வைங்க, இல்லாட்டி காத்துக்கு கண்ணாடில போய் இடிக்கும்.

ராத்திரி குளிருக்கு பிளைன்ட்ஸ் உதவுமா?

உதவும். ஜனவரி, பெப்ரவரில நுவரெலியால சில விடியல்ல புல்லுல உறைபனி விழுற அளவுக்கு போகும், ஒத்த கண்ணாடி அந்த குளிர அப்படியே உள்ள விடும். தேன்கூடு மாதிரி அறை அறையா இருக்குற ஹனிகோம் பிளைன்ட்ஸ் உள்ளுக்கு காத்த பிடிச்சு வச்சு சூட்ட காப்பாத்தும், அதுக்கு அடுத்தது தடிச்ச கர்ட்டன், ஓரத்துல இடைவெளி விடாம. இருட்டுன பிறகு இல்ல, வெயில் இறங்கும்போதே மூடிடணும். மூடினா கண்ணாடி இன்னும் குளிர்ந்து விடிய தண்ணி கூட கோக்கும், காலைல துடைக்க துணி ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும். அதே மாசங்கள்ல பகல் வெயில மறைக்காதீங்க, அது இலவச ஹீட்டர்.

கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டினா போதாதா?

நல்ல ஃபிலிம் புற ஊதா கதிர்ல பெரும்பகுதிய தடுக்கும், சூட்டையும் குறைக்கும். ஆனா ஒட்டினா ஒட்டினதுதான், மூட்டமான நாள்லயும் ஜனவரி காலைலயும் கழட்டி வைக்க ஏலாது. வருஷத்துல பாதி நாள் வெளிச்சத்துக்கு ஏங்குற நம்ம ஊருக்கு கடும் ஃபிலிம் எனக்கு சரிப்பட்டு வரல. உள்ள கம்பி வலை வச்ச பழைய கண்ணாடி, ரெட்டை கண்ணாடி இதுல சூட்ட உறிஞ்சுற ஃபிலிம் ஒட்டினா கண்ணாடி ஏறுமாறா சூடாகி வெடிக்கலாம், ஒட்டுறவர்கிட்ட கண்ணாடி வகைய காட்டி கேட்டுத்தான் செய்யணும்.

கூரை இன்னும் போடல. எத போட்டா பிறகு பிளைன்ட்ஸ் செலவு குறையும்?

கூரைல பாதிய சாதாரண ஷீட்டும் சீலிங்கும் போட்டு மூடிடுங்க, பாதிய மட்டும் வெளிச்சத்துக்கு விடுங்க. சும்மா சொல்லல, முழுக்க கண்ணாடி கூரை நம்ம சூரியனுக்கு தேவையே இல்ல. வெளிச்ச பகுதிக்கு பால் வெள்ளை இல்லாட்டி பழுப்பு நிற ரெட்டை சுவர் பொலிகார்பனேட் போடலாம், புற ஊதா பூச்சு ஒரு பக்கத்துல மட்டும்னா அந்த பக்கம் வானத்த பாத்து இருக்கணும், உள்ள இருக்குற குழாய் வரி தண்ணி ஓடுற சரிவு பக்கமா இருக்கணும், நுனிய டேப் ஒட்டி மூடணும், இல்லாட்டி பாசி பிடிக்கும். அடை மழைக்கு சத்தம் பலமா கேக்கும், அத தெரிஞ்சுக்கிட்டே போடுங்க. கண்ணாடிதான் வேணும்னா தலைக்கு மேல கட்டாயம் லேமினேட்டட் (நடுவுல பிளாஸ்டிக் படலம் வச்சு ஒட்டினது), உடைஞ்சாலும் கொட்டாது.

அளவு எப்படி எடுக்குறது?

பிரேமுக்குள்ள போடுறதுன்னா அகலத்த மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல எடுத்து சின்ன அளவ குடுங்க. பழைய பங்களா ஜன்னல் ஒண்ணும் நேரா இருக்காது. பிரேமுக்கு வெளிய போடுறதுன்னா ரெண்டு பக்கமும் நாலு விரல் அளவு கூட எடுங்க. கைப்பிடி துருத்திக்கிட்டு இருந்தா பிளைன்ட்ஸ் அதுல இடிக்கும், அதையும் பாருங்க. கடைல சதுர அடி கணக்குலதான் விலை சொல்லுவாங்க, சின்ன ஜன்னலுக்கும் குறைஞ்சது இவ்வளவு அடின்னு போடுவாங்களான்னு கேட்டுக்கங்க. எல்லாத்தையும் ஒரே அலகுல எழுதுங்க, அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்தா போச்சு.

சின்ன பிள்ளைகள் இருக்குற வீடு...

இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. தொங்குற சங்கிலியும் கயித்து வளையமும் குழந்தை கழுத்துல மாட்டி உயிர் போன சம்பவங்கள் உலகத்துல நடந்திருக்கு. சங்கிலியே இல்லாத ஸ்பிரிங் வகை எடுங்க, இல்லாட்டி சங்கிலி தரைல இருந்து ஒண்ணரை மீட்டருக்கு கீழ வராம, சுவரோட இறுக்கி பிடிக்கிற கொக்கில மாட்டி வைங்க. தொட்டில், கதிரை, சோபா எதுவும் ஜன்னலுக்கு பக்கத்துல வேணாம்.

மோட்டர் போட்டா?

கை எட்டாத கூரைக்கு நல்லம், அதுக்கும் நீள கம்பில கொக்கி வச்சு இழுக்குற வகை மலிவா இருக்கு. மோட்டர்னா சார்ஜ் பண்ற பெட்டரி வகை எடுங்க, கரண்ட் போனாலும் வேலை செய்யும். நேரா கரண்ட்ல ஓடுறதுன்னா ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரத்துல இடி மின்னல் வரும்போது பிளக்க கழட்டி வைங்க.

வாடகை வீடு, துளை போட விடமாட்டாங்க. என்ன செய்ய?

ஜன்னல் பிரேமுக்குள்ள ரெண்டு பக்கமும் முட்டு குடுத்து நிக்கிற ஸ்பிரிங் ரொட் வாங்கி வெளிர் நிற பொலியெஸ்டர் துணி போடுங்க. வெளிய ஓட்டு விளிம்புக்கு கீழ இருக்குற மரச்சட்டத்துல கயித்தால தட்டி கட்டலாம், துளை வேணாம். கூரைக்குன்னா வீட்டுக்காரர்கிட்ட ஷேட் நெட்ட பத்தி பேசி பாருங்க, கழட்டி எடுத்துக்கிட்டு போகலாம்னு சொன்னா அனேகமா சரின்னுவாங்க.